கையெழுத்துப் போடாத அறுபத்தோராவது முங்கல்

தண்ணீருக்கு அடியிலும் விசில் ஊதிப் பார்த்த என் மதினிக்கு,

உங்கள் நாத்தனார் எழுதுகிறேன். முதலில் நல்ல செய்தி. அண்ணனின் பல்செட் பத்திரமாக இருக்கிறது. இப்போதெல்லாம் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு, பையின் வாயில் ஒரு ஊக்கும் குத்திய பிறகுதான் ஆற்றங்கரைக்கே வருகிறார். அவர் எதற்கு ஆற்றங்கரைக்கு வந்தார் என்று கேட்பீர்கள். வாளித் தண்ணீரைக் கண்டாலே இரண்டடி தள்ளி நிற்கிற அதே அண்ணன்தான் வந்தார். எல்லாம் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

நம் சண்டை உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகவும் இரண்டு வரி சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் உதவியாளர். ஐம்பதைத் தொடப் போகிற நேரத்தில் நீங்கள் ஸ்கூபா கற்றுக்கொள்ளக் கிளம்பியபோது, துணைக்கு ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். முதுகில் சிலிண்டர், கண்ணுக்குக் கண்ணாடி, வாயில் கடித்துக்கொள்ளக் குழாய், காலில் வாத்துக்கால். அந்தக் கோலத்தில் நாம் எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு அண்ணன் ஒரு வாரம் நம்மோடு சரியாகப் பேசவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவரேதான் கார் ஓட்டிக்கொண்டு வந்தார். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படிப்பார்.

‘டைவ்’ என்கிற சொல் உங்கள் வாயில் ஒட்டவே இல்லை. "முங்கல்னு சொன்னா நாக்கு சுளுக்கிருமா?" என்று கேட்டீர்கள். அன்றிலிருந்து நமக்கு அது முங்கல்தான். நம்மைக் கடலுக்குக் கூட்டிப் போன சுலைமான் காக்காவும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டார். காயல்பட்டினத்துக்காரர் (அந்த ஊரில் அண்ணன் என்றால் காக்கா), வளைகுடாவில் பல வருஷம் கடலுக்கு அடியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அங்கே கற்ற ஆங்கிலச் சொல்லையெல்லாம் உங்களுக்காக மறந்தார்.

காக்கா ஆளுக்கு ஒரு லாக் புக் கொடுத்தார், ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு முங்கலுக்கும் ஒரு பக்கம். இடம், ஆழம், நேரம், இடுப்பில் கட்டிய ஈயம் எத்தனை கிலோ, கண்டது என்ன. கடைசியில் ஒரு கோடு. கூட முங்கியவர் அங்கே கையெழுத்துப் போட வேண்டும். இதில் தனியாக யாரும் தண்ணீருக்குள் போகக் கூடாது. அதனால் கூட வந்தவர் கையெழுத்து இல்லாத பக்கம் பாதிப் பக்கம்தான்.

கையெழுத்து என்று கேட்டதும் எனக்குள் ஆபீஸ் எழுந்து உட்கார்ந்துகொண்டது. எந்த முங்கலை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று காக்காவிடம் கேட்டேன்.

"அஞ்சு மீட்டர் ஆழம், இருவது நிமிஷம். அதுக்குக் கொறஞ்சா சில பேரு எழுத மாட்டாங்க. ஆனா உங்க புக்கு, உங்க இஷ்டம் தங்கச்சி" என்றார்.

நான் முதல் பாதியைக் கேட்டேன். நீங்கள் கடைசிப் பாதியை மட்டும் கேட்டீர்கள். மூன்று வருஷச் சண்டை அங்கே ஆரம்பித்தது.

நான் எழுதியவை முப்பத்தெட்டு. ஆழம் ஒன்பது மீட்டர், நேரம் முப்பத்து நாலு நிமிடம், ஈயம் ஆறு கிலோ, கண்டது பவளப்பாறை. முத்து முத்தாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். அதே மூன்று வருஷத்தில் உங்கள் கணக்கு அறுபதைத் தொட்டுவிட்டது. இத்தனைக்கும் நான் இல்லாமல் நீங்கள் கடலுக்குப் போனதே கிடையாது. நீச்சல் குளத்தில் குழாயைக் கழற்றி மாட்டிப் பழகியதை எழுதினீர்கள். கண்ணாடி ஒழுகுகிறதா என்று பார்க்க மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்ததை எழுதினீர்கள். அதில் ‘கண்டது’ என்ற இடத்தில், "மோட்டார் போடச் சொல்லி அவர் கத்துவது காலுக்குக் கீழே கேட்டது" என்று இருக்கும். அந்தப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். தொட்டிக்கு வெளியே நான் காவலுக்கு நின்றதாகச் சொல்லி மடக்கிவிட்டீர்கள்.

ஒரு பக்கத்தில் என் பெயரையும் இழுத்து இப்படி: "கலங்கல். ஒண்ணும் தெரியல. செல்வி கையப் பிடிச்சிட்டே இருந்தேன்." இன்னொன்று: "விசில் ஊதிப் பாத்தேன். சத்தம் வரல. குமிழிதான்." இவையெல்லாம் ஒரு பதிவா மதினி? பதிவு என்றால் அதற்கு ஒரு தகுதி வேண்டாமா? எத்தனை தடவை கேட்டிருப்பேன். "மறந்துரப்படாதுன்னு தோணிச்சின்னா எழுத வேண்டியதுதாம்ட்டி. வேற என்ன தகுதி?" என்று தலையைத் துவட்டிக்கொண்டே போய்விடுவீர்கள்.

சரி, பல்செட்டுக்கு வருகிறேன்.

அன்றைக்குக் கடலில் நீரோட்டத்தின் இழுவை சரியில்லை என்று காக்கா இரண்டாவது முங்கலை வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த வாரம் கோவளம் போக வேண்டியிருந்ததால், காற்று நிரப்பிய சிலிண்டர்களையும் நம் சாமான்களையும் காரிலேயே ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்குத் திரும்பினோம். வழியில் ஆழ்வார்திருநகரியில் நிறுத்தி, ஆற்றில் கால் நனைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகலாம் என்றது நீங்கள்தான். அண்ணன் கடைசிப் படியில் உட்கார்ந்து செம்பால் மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு தும்மல். மேல் வரிசைப் பல்செட் வாயிலிருந்து தெறித்து, படியில் ஒரு துள்ளு துள்ளி, கசத்துக்குள் போய்விட்டது. படிக்கட்டை ஒட்டி ஆறு ஆழமாகிக் கிடக்கிற இடம் அது. நீங்கள் சிரித்த சிரிப்பில், துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இருங்க, இருங்க. எங்கியும் போவாதீங்க. எடுத்துத் தாரோம்" என்றீர்கள். பல் போன மனுஷர் எங்கே போவார்?

கடலுக்குக் கட்டிய அதே ஈயத்தைக் கட்டிக்கொண்டு நாம் இரண்டு பேரும் இறங்கினோம். அதுதான் நாம் செய்த பிசகு. உப்புத் தண்ணீர் ஆளைத் தூக்கிப் பிடிக்கும், அதை அமுக்கத்தான் அத்தனை ஈயம். ஆற்றுத் தண்ணீர் அவ்வளவு தூக்காது. கடலில் மட்டுமே பழகிய நமக்கு அது புத்தியில் வரவில்லை. நான் இறங்கிய வேகத்தில் நேராக அடியில் போய் நின்றேன், முட்டி வரை சேற்றில். பயத்தில் உங்கள் தோளைப் பிடித்தேன். நீங்கள் என்னைச் சேற்றிலிருந்து பிடுங்கி, பைய மேலே கொண்டுவந்து, படியிலேயே வைத்து என் இடுப்பிலிருந்தும் உங்கள் இடுப்பிலிருந்தும் ஈயக் கட்டிகளைக் கழற்றி அண்ணன் கையில் கொடுத்தீர்கள். பிறகு மறுபடியும் இறங்கினோம். இந்தத் தடவை மீன் மாதிரி நின்றேன்.

முதலில் அகப்பட்டது ஒரு பித்தளைச் செம்பு. பிறகு ஒரு சீப்பு. பிறகு நீங்கள் என் கையைத் தட்டிக் காட்டினீர்கள். மணலில், இரண்டு கூழாங்கல்லுக்கு நடுவில், அண்ணன் நம்மைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தார்.

தண்ணீருக்கு அடியில் சிரிக்கக் கூடாது. சிரித்தால் கன்னம் மடிந்து கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறும். எனக்குக் கண் வரை ஏறிவிட்டது, நிறுத்த முடியவில்லை. கடலில் ஆமையைப் பார்த்த அன்றைக்குக்கூட நான் அப்படிச் சிரித்ததில்லை.

காரில் தலை காய்வதற்குள் நீங்கள் புத்தகத்தை எடுத்துவிட்டீர்கள். வளைந்து வளைந்து போகிற வண்டியில் எழுதி முடித்து என் மடியில் வைத்தீர்கள்.

"ஏட்டி, போடு கையெழுத்த."

"என்ன மதினி இது? மூணு மீட்டரு. பதினோரு நிமிஷம். இது ஒரு முங்கலா?"

"பின்ன, தலைக்குக் குளிச்சதா?"

"பல்லு தேடப் போனது மதினி. இதுக்கெல்லாம் கையெழுத்துப் போட முடியாது. நாளைக்கு யாரும் கேட்டா என்னன்னு சொல்லுதது?"

"யாருட்டி வந்து கேக்கப் போறா, கலெக்டரா?" என்று சிரித்தீர்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினீர்கள். "சந்தோஷமா இருந்திச்சா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

நான் பதில் சொல்லவில்லை. தொட்டிக்கும் குளத்துக்கும் போட்டுக் கொடுத்தாயிற்று, இத்தோடு நிறுத்தாவிட்டால் இதற்கு ஒரு முடிவே கிடையாது என்று வீம்பு. நீங்கள் புத்தகத்தை மூடினீர்கள். "சவம் கெடக்கட்டும். எடத்த விட்டு வைக்கேன். உனக்கு எப்ப தோணுதோ அப்பப் போடு" என்றீர்கள். அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை ஓட்டினார். கழுவிய பல்செட் இன்னும் கைக்குட்டையில் இருந்தது, அதனால்தான் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் மழை, கோவளம் போகவில்லை. அதற்கடுத்த வாரம் உங்களுக்குப் பள்ளியில் விளையாட்டு விழா வேலை. அந்த மைதானத்தில், காலை வெயிலில், விசிலும் கையுமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டீர்கள் மதினி. எனக்கு இன்னும் அதில் கோபம் உண்டு.

அதற்குப் பிறகு நான் கடல் பக்கம் போகவில்லை. என் புத்தகம் முப்பத்தெட்டோடு நின்றது. உங்கள் புத்தகத்தைத் தொடப் பயந்தேன். அறுபத்தோராவது பக்கத்தில் அந்த வெறும் கோடு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆபீசில் தினமும் எத்தனை கையெழுத்துப் போடுகிறேன். ஒவ்வொன்று போடும்போதும் அந்தக் கோடு ஞாபகம் வரும். ஆள் போன பிறகு அவர் பக்கத்தில் கையெழுத்துப் போடுவது சரியா? அது மனச் சமாதானத்துக்குச் செய்கிற போலிப் பதிவு ஆகிவிடாதா? உங்களைத் தவிர இதை யாரிடம் கேட்பது?

போன மாதம் ஒரு காலையில் காக்கா போன் செய்தார். மேலே பாபநாசம் பக்கம் ஆற்றில் பாவம் தீர முங்கிக் குளிக்கிறவர்கள் உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டுப் போகிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். அந்தத் துணியெல்லாம் அடியில் படிந்து, குவியல் குவியலாகக் கிடக்கிறதாம். ஊர்க்காரர்கள் சேர்ந்து எடுக்கிறார்கள், ஆழத்தில் கிடப்பதை எடுக்க முங்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்.

"வாங்க தங்கச்சி. ஒரு வருசமாச்சி. டீச்சர் இருந்தா முத ஆளா வந்து நிப்பாங்க" என்றார்.

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். காபி ஆற்றிக்கொண்டிருந்த அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "ஒண்ணும் வேண்டாம். துணி காலச் சுத்திக்கிட்டா என்ன செய்வ? ஒருத்தியக் குடுத்தது போதாதா?"

காக்காவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். நிதானமாகச் சொன்னார். "அண்ணாச்சி சொல்லுறதும் சரிதான். ஈயம் சரியா இருந்தா பயமில்ல. துணிக்கு ஒரு முழம் மேல அசையாம நிக்கலாம். கடல் கணக்குல கட்டிட்டு வந்தா நேரா குவியலுக்குள்ள போய் உக்காருவீங்க. நல்ல தண்ணிக்கு எவ்வளவுங்கிறது ஆளுக்கு ஆள் மாறும். ஆத்துல ஒருக்க முங்கினீங்கன்னு டீச்சர் சொன்னாங்களே, உங்க புக்குல பாத்துச் சொல்லுங்க."

என் புத்தகத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? முப்பத்தெட்டாவது பக்கத்தில் அந்தக் காலையில் கடலில் போட்ட முங்கல். அதற்கப்புறம் வெறும் தாள். அன்றைக்கு என் இடுப்பிலிருந்து ஒரு கட்டி கழற்றினீர்களா, இரண்டா, மூன்றா? சிரிப்பு ஞாபகம் இருந்தது. சேறு ஞாபகம் இருந்தது. கணக்கு ஞாபகம் இல்லை.

"ரெண்டு" என்றார் அண்ணன்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"உனக்கு ரெண்டு கட்டி, அவளுக்கு ஒண்ணு. நாந்தானட்டி கையில வச்சிக்கிட்டு நின்னேன். பதினோரு நிமிஷமும் அந்த மூணு கட்டியும் என் கையிலதான் இருந்திச்சி. மேல வருவீங்களா மாட்டீங்களான்னு குமிழியவே பாத்துக்கிட்டு."

உள்ளே போய், பீரோவில் தன் பனியன்களுக்கு அடியிலிருந்து உங்கள் புத்தகத்தை எடுத்துவந்தார். தேடவே இல்லை மதினி, ஒரே புரட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். தினமும் காபி குடித்த பிறகு ஒரு பக்கம் படிப்பாராம். தொட்டித் தண்ணீர் முங்கல் எத்தனாவது, விசில் ஊதியது எத்தனாவது, எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

உங்கள் கிறுக்கல் கையெழுத்தில் இருந்தது: "செல்வி ஆறு கிலோவோட முட்டி வரைக்கும் சேத்துல. ரெண்டு கழட்டினோம். ஆத்துக்கு அவளுக்கு நாலுதான் சரி. எனக்கு அஞ்சு போதும். கழட்டினது இவர் கையில. கண்டது: ஒரு செம்பு, ஒரு சீப்பு, இவர் பல்லு. செல்வி தண்ணிக்குள்ள சிரிச்சா. குழாய் வழியா கேட்டிச்சி."

அண்ணன் என்னைப் பார்க்காமல் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவ முங்கினதுல நான் கூட இருந்தது இது ஒண்ணுதாம்ட்டி. மத்த எல்லாத்துக்கும் நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் பேப்பர் படிச்சேன். இந்த ஒண்ணத்தான் நீ இல்லன்னு சொல்லிட்ட."

அவர் காரில் ஏன் பேசாமல் வந்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அடுப்படியில் போய் நின்று அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து திரும்பப் போன் போட்டு, "நாலு கிலோ காக்கா" என்று சொன்னேன். அண்ணன் தடுக்கவில்லை. "நானும் வாரேன்" என்றார்.

மதினி, நாலு கிலோதான் சரி. போன ஞாயிற்றுக்கிழமை காக்காவோடு இறங்கினேன். துணிக் குவியலுக்கு ஒரு முழம் மேலே, தொட்டும் தொடாமலும் நின்றேன். நீங்கள் அளந்து விட்டது போல் இருந்தது. வேட்டி, சேலை, துண்டு என்று வந்துகொண்டே இருந்தது. ஒரு சட்டைப் பையில் பேனா அப்படியே செருகி இருந்தது. ஒரு பச்சைச் சேலையை மடிப்பு மடிப்பாக இழுக்க இழுக்க, அதற்குள்ளிருந்து குட்டி குட்டிக் கெண்டைகள் புறப்பட்டு என் விரலைக் கொத்திவிட்டுப் போயின. பயம் போய்விட்டது. இது முடிய வேண்டாம் என்றுகூட நினைத்தேன்.

மேலே வந்து கண்ணாடியைத் தூக்கினால், அண்ணன் முட்டி அளவுத் தண்ணீரில் நிற்கிறார். வேட்டியை மடித்துக் கட்டி, நாங்கள் அனுப்பிய துணியை ஊர்க்காரர்களோடு சேர்ந்து இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டு நிற்கிறார். பல்செட் பையில். பொக்கை வாயோடு, "எத்தன நிமிஷம்ட்டி? எத்தன மீட்டரு?" என்று கத்தினார்.

நாலு மீட்டர், பதினாறு நிமிடம். என் சட்டப்படி இரண்டிலும் தேறாது. கரையில் உட்கார்ந்து எழுதினேன். அதற்கு முன்னால் முப்பத்தொன்பதாவது பக்கத்தில் பல்செட் முங்கலை எழுதினேன். உங்கள் புத்தகத்தில் நீங்கள் எனக்காக இடம் விட்டு வைத்திருந்தீர்கள். என் பக்கத்தில் உங்கள் கையெழுத்து வேண்டிய இடம் வெறுமையாகத்தான் இருக்கும். அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். துணி எடுத்தது நாற்பதாவது.

பிறகு அண்ணன் கொண்டுவந்திருந்த உங்கள் புத்தகத்தைத் திறந்தேன். முன் தேதி போடவில்லை மதினி, முப்பது வருஷ ஆபீஸ் பழக்கம் விடவில்லை. கையெழுத்திட்ட நாளின் தேதியே போட்டேன். காலம் தாழ்ந்து வருகிற பத்திரத்துக்குக் காரணம் எழுதி வாங்குவோம். அதனால், "காரணம்: நாத்தனாரின் வீம்பு" என்றும் எழுதி, அறுபத்தோராவது முங்கலில் கையெழுத்துப் போட்டேன். கீழே இன்னொரு கோடு கிழித்துப் பேனாவை அண்ணனிடம் நீட்டினேன்.

"நான் எங்க முங்கினேன்? நான் கரையிலல்லா நின்னேன்" என்றார்.

"சாட்சிக்கு முங்க வேண்டாம் அண்ணே, பாத்தாப் போதும்" என்றேன்.

ஈரக் கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாள் கொஞ்சம் நனைந்துவிட்டது. ஊதி ஊதிக் காய வைத்தார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகிறோம். அண்ணன் படகு வரைக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், பேப்பர் இல்லாமல். இனிமேல் மீட்டர் பார்த்து, நிமிடம் பார்த்து எதையும் தள்ள மாட்டேன் மதினி. கலங்கல் என்றால் கலங்கல் என்று எழுதுவேன். தொட்டித் தண்ணீரில் தலை நனைத்தாலும் எழுதுவேன். ‘கண்டது’ என்ற இடத்தில் உங்களுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் எழுதுவேன். இது பதிவு அலுவலகத்தில் இருக்கிற ஒருத்தி கொடுக்கிற வாக்கு, மாறாது.

அன்றைக்குக் காரில் ஒன்று கேட்டீர்கள், நான் பதில் சொல்லவில்லை. இருந்திச்சி மதினி. ரொம்ப ரொம்பச் சந்தோஷமா இருந்திச்சி.

உங்களோடு முட்டி வரை சேற்றில் நின்ற,
உங்கள் நாத்தனார்
செல்வி